எலிக்கு ஒரு மூட்டை

உப்பு ஏறாத மண்ணுக்கு சென்ட் முப்பத்தெட்டாயிரம். உப்பு ஏறிவிட்டால் அதில் பாதி. தனக்கோடியின் வரப்பில் செருப்போடு நின்றுகொண்டு, மீஞ்சூர் நிலத் தரகன் சரவணன் கத்திரிக்காய் விலை சொல்வதுபோல இதைச் சொன்னான். அந்த இரண்டரை ஏக்கரும் அவள் மாமனார் காலத்தில், நடந்தால் காலில் வெள்ளை பூக்கிற தரை. பன்னிரண்டு மழைக்காலம் தண்ணீரைக் கட்டிக் கட்டி வடித்த பிறகுதான் அதில் முதல் நெல் பால் பிடித்தது. பன்னிரண்டு மழைக்காலத்துக்கு என்ன விலை என்று சரவணனும் சொல்லவில்லை, தனக்கோடியும் கேட்கவில்லை. கேட்டால் விற்கிற எண்ணம் இருப்பதாக ஆகிவிடும்.

"தண்ணி உள்ள பூர்றதுக்கு முன்னாடி முடிச்சிட்டா உனக்குத்தான்மா நல்லது" என்றான்.

"தண்ணி பூரும்னு உனக்கு எவன் சொன்னது?"

"கரைய பாத்தாலே தெரியுதே."

"வாங்க வந்தவன் கரைய இன்னாத்துக்கு பாக்கற? நெல்ல பாரு."

அவன் நெல்லைப் பார்த்தான். சம்பா இடுப்பளவு நின்றது. கதிரைக் கிள்ளினால் நகத்தில் பால் ஒட்டியது. சரவணன் சிரித்துக்கொண்டே வண்டியை உதைத்துக் கிளப்பினான். வெள்ளிக்கிழமை அமாவாசை என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனான். அது அவளுக்குத் தெரியாத சேதி இல்லை. அன்று செவ்வாய்க்கிழமை.

கார்த்திகை அமாவாசைக்குக் கடல் முகத்துவாரம் வழியாகப் பழவேற்காடு ஏரிக்குள் ஏறும். ஏரி ஓடைக்குள் ஏறும். தோணிரேவுக்கு மேற்கே கழனிகளை வடித்துக்கொண்டு வருகிற அந்த ஓடை, ஏரியைத் தொடுவதற்கு முன் கடைசியாகத் திரும்புகிற வளைவு தனக்கோடியின் நிலத்தில்தான் இருக்கிறது. வருடா வருடம் உப்புத் தண்ணீர் வளைவுவரை வந்து, கரையை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். அப்போது கரை மாட்டுவண்டி போகிற அகலம். இப்போது இரண்டு எட்டு. அதையும் ஓடை அடியில் குடைந்துகொண்டிருந்தது.

மகன் சிவகுமார் மீஞ்சூர் பக்கம் கம்பெனி வேலை. போனில், "ஜேசிபி கூப்ட்டு வளைவுல அடைச்சிருக்கற குப்பைய வாரிடும்மா" என்றான். ஜேசிபிக்காரன் வந்து பார்த்து, மணிக்கு ஆயிரத்து நானூறு என்று சொல்லி, அவள் ஆயிரத்து நூறுக்கு இழுத்துக்கொண்டிருக்கும்போதே கரையில் ஒரு காலை வைத்தான். காலுக்குக் கீழே மண் நெகிழ்ந்தது. "ஆயிரத்து நூறு இல்லம்மா, சும்மா குட்த்தாலும் வண்டிய இதுமேல ஏத்த மாட்டேன்" என்று காலை எடுத்துக்கொண்டான்.

தனக்கோடி பழவேற்காடு சந்தையில் பெயர் வாங்கியவள். பூசணிக்காயைத் தட்டிப் பார்ப்பாள், மோந்து பார்ப்பாள், காம்பைத் திருகிப் பார்ப்பாள். பிறகு வேண்டாம் என்று நாலடி நடந்து, கூப்பிடும்போது திரும்பி வந்து பாதி விலைக்கு வாங்குவாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு கரை ஏன் கரைகிறது என்று தெரியாமல் இருப்பது பெரிய அவமானமாக இருந்தது. ஐந்து நாளைக்கு முன், கரையின் விளிம்பிலிருந்து உள்ளே சாண் சாணாக ஏழு துவரங்குச்சி நட்டிருந்தாள். முதல் விடியலில் ஒன்று போயிருந்தது. அப்புறம் ஒருநாள் சும்மா இருந்தது, மறுநாள் ஒன்று. இன்று காலை மூன்றாவது. நாலு மிச்சம்.

குப்பை வளைவில்தான் அடைத்திருந்தது. ஆகாயத்தாமரை மெத்தை, அதன் நடுவே வேலிகாத்தான் முள், வாழைத்தண்டு, கிழிந்த நைலான் வலை, மீன் ஐஸ் போடுகிற தெர்மாகோல் பெட்டி, கால் போன பிளாஸ்டிக் நாற்காலி. ஒற்றைச் செருப்பு மட்டும் ஒன்பது எண்ணினாள். நடுவில் போக வேண்டிய தண்ணீர் இந்த மெத்தையில் முட்டி, ஒதுங்கி, அவள் கரையின் அடிவயிற்றில் கைவிட்டுக்கொண்டிருந்தது.

வாழைத்தண்டைப் பார்த்ததும் ஆள் யார் என்று முடிவு கட்டிவிட்டாள். மேல்கழனி ராஜேந்திரனைத் தவிர அந்த ஓடையோரம் வாழை வைத்தவன் இல்லை. ஆவணியில் அவள் மாட்டுக்கொட்டகை மூலையில் அடுக்கியிருந்த பனஞ்சட்டம் பதிமூன்றும் காணாமல் போனபோதும் அவனைத்தான் நினைத்தாள். நினைத்ததோடு நிற்காமல் கேட்டும்விட்டாள். அன்றிலிருந்து அவன் அவள் வீட்டு வழியாகப் பால் சொசைட்டிக்குப் போவதில்லை.

ராஜேந்திரன் மடையில் உட்கார்ந்து மண்வெட்டிக்கு ஆப்பு அடித்துக்கொண்டிருந்தான்.

"இப்ப இன்னா காணாம பூட்ச்சி அண்ணி?" என்றான் தலை நிமிராமல்.

"காணாம போவல. வந்து சேந்துகீது. உன் வாழத்தண்டு."

"தண்டு என்னுதுதான். செருப்பு ஒன்பதும் என்னுதா? எனக்கு கால் ரெண்டுதான்."

"எண்ணி வெச்சினுகீற."

"தெனம் அந்தாண்டதான போறேன். அண்ணி, கோச்சிக்காத, ஒண்ணு கேக்கறேன். நம்ம ஓடைல குப்ப எல்லா வளைவுலயும்தான் போவுது. என் வளைவுல நிக்கல, நாகப்பன் வளைவுல நிக்கல. உன் வளைவுல மட்டும் இன்னாத்துக்கு நிக்குது?"

"ஆப்ப சாச்சி அடி, கழண்டுக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே நடந்து வந்தது. ஏன் இங்கே மட்டும்? வைக்கோல் போரிலிருந்து ஒரு பிடி உருவிக்கொண்டு, வளைவுக்கு மேலே நின்று ஒவ்வொரு தாளாகத் தண்ணீரில் விட்டாள். தாள் நேராக வந்தது. மெத்தையின் முனையைத் தொடுகிற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு வாலை ஆட்டிக்கொண்டு அவள் கரைப்பக்கம் ஒதுங்கியது. இன்னொன்று விட்டாள். கொஞ்சம் தள்ளி, அதே சுற்று. ஒரு பிடி வைக்கோல் தீர்ந்தபோது விஷயம் தெரிந்தது. தண்ணீர் சுழிக்கிற இடங்கள் ஒன்றுக்கு ஒன்று முழம் இடைவெளியில், இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் குறுக்கே, நூல் பிடித்தாற்போல ஒரே வரிசையில் இருந்தன.

ஓடை எதையும் நேராகச் செய்யாது. நேர்கோடு என்றால் அதில் மனுஷன் கை இருக்கிறது.

முருங்கைக்காய் பறிக்கிற துரட்டியைக் கொண்டுவந்து சுழியில் குத்தினாள். சேற்றுக்குப் பதில் 'டொக்' என்றது. முழம் தள்ளிக் குத்தினாள். டொக். அதற்கு மேல் கம்பு எட்டவில்லை.

அந்த நேரம் ஆகாயத்தாமரைக்கு நடுவிலிருந்து ஒரு தலை எழும்பியது. முத்தம்மாள். ஏரியிலும் ஓடையிலும் இறால், நண்டு கையால் தடவிப் பிடிக்கிறவள். கழுத்தளவு தண்ணீரில் குந்தினாற்போல நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி, அகப்பட்டதைப் பல்லில் கடித்திருக்கிற ஓலைப்பறிக்குள் போடுவது அவர்கள் முறை. பறி வாயில் இருக்கிறவரை பேச்சு மூக்கால்தான்.

"ஏய் முத்தம்மா, அடில இன்னா கீது?" என்றாள் தனக்கோடி.

"ம்ம்" என்றது மூக்கு.

"ம்ம்னா? வாய தொறந்து சொல்லேன்."

முத்தம்மாள் பறியை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அவசரமில்லாமல் முகத்தைத் துடைத்தாள். "மண்ணாங்கட்டி எட்த்து அடிக்க மாட்டியே? போன மாசம் அடிச்ச. இங்க தோள்ல பட்ச்சி."

"கரைல நண்டு வளைய தோண்னா அடிக்காம?"

"வளைய நானா தோண்றேன்? நண்டு தோண்டுது. அத்த நான் புடிச்சினு போறேன். நீ எனக்கு கூலி தரணும், கட்டி தர்ற."

தனக்கோடிக்குச் சிரிப்பு வந்தது, விடவில்லை. "அடில இன்னா கீதுன்னு கேட்டேன்."

"இன்னாம்மா தெரியாத மாறி கேக்கற? மொள கீது. நைனா அடிச்ச மொள."

தனக்கோடியின் புருஷன் தருமலிங்கத்தை ஊரில் நைனா என்றுதான் சொல்வார்கள். இந்த ஆடிப் பதினெட்டு கழிந்து ஐந்தாம் நாள், மோர் கேட்டுவிட்டு, மோர் வருவதற்குள் போய்விட்ட மனுஷன்.

"எந்த மொள?" என்றாள் தனக்கோடி.

முத்தம்மாள் சொன்னாள். அறுப்பு முடிந்து மாசியில் ஓடை வற்றும்போது, ஏரியின் உப்பு மேலே ஏறாமல் இருக்க வளைவில் அடைப்புப் போடுவது வழக்கம். அது தனக்கோடிக்கும் தெரியும். மணல் மூட்டையும் ஓலைத்தட்டியும் அடுக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறாள். மதியச் சோறு எடுத்துக்கொண்டு அவள் வருகிற நேரத்துக்கு அடைப்பு முடிந்து, மூட்டை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அந்த மூட்டைகளைச் சரியாமல் தாங்குவதற்கு அடியில் பனஞ்சட்ட முளை வரிசையாக அடித்திருக்கிறது. புரட்டாசியில் மழைக்கு முன் அடைப்பைப் பிரிக்கும்போது, மூட்டையை எடுத்தபிறகு முளையையும் பிடுங்க வேண்டும். தண்ணீருக்குள் முங்கித்தான் பிடுங்க முடியும்.

இந்தப் புரட்டாசியில் தனக்கோடிதான் ஆள் வைத்துப் பிரித்தாள். மீஞ்சூர் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர். மூட்டையை எடுத்துக் கரையில் போட்டார்கள், தண்ணீர் ஓடியது, கூலி வாங்கிக்கொண்டு போனார்கள். பேசிய கூலியில் இருநூறு குறைத்துவிட்டதாக அவள் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருந்தாள்.

கொட்டகையில் காணாமல் போன பனஞ்சட்டம் பதிமூன்று. கூரைக்கு வைத்திருக்கிறார் என்று முப்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள். மழை பிடித்தால் கொட்டகைக்கு வரும், அறுப்பு முடிந்தால் போகும். அதைக் கவனித்ததே இல்லை. கவனித்த ஒரு வருடத்தில் அயல் கழனிக்காரனைத் திருடன் என்று கேட்டுவிட்டாள்.

"அது உனக்கு எப்பிடி தெரியும்?"

"நாந்தானம்மா புடுங்குவேன். ரங்கனுக்கு மூச்சு பிடிக்காது." ரங்கன் அவள் புருஷன். "நைனா கரைல கவுத்த புட்ச்சினு நிப்பாரு. நான் அடில போயி மொளைல முடிச்சி போட்டு ஆட்டி உடுவேன், அவரு வலிப்பாரு. பதினஞ்சி வருசமா."

"பதினஞ்சி வருசமா. கூலி?"

முத்தம்மாள் கழுத்துப் பறியைச் சரிசெய்துகொண்டாள். "வருசத்துக்கு ஒரு மூட்ட நெல்லு."

"ஒரு மூட்டயா?" என்றாள் தனக்கோடி.

அறுப்பு முடிந்ததும் தருமலிங்கம் ஒரு நோட்டில் எழுதுவார்: விதைக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு, மண்டிக்கு இவ்வளவு. கூட்டிப் பார்த்தால் எப்போதும் ஒரு மூட்டை இடிக்கும். கேட்டால், "எலி" என்பார். கடைசியில் அவளுடைய நச்சரிப்புக்குப் பயந்து நோட்டிலேயே எழுத ஆரம்பித்தார்: எலிக்கு 1. அந்த எலிக்காக அவள் பொறி வாங்கினாள், மருந்து வைத்தாள், பூனை வளர்த்தாள். பூனை பதினோரு வருடம் பால் குடித்து, ஒரு எலியும் பிடிக்காமல் செத்தது. அதைக் கையாலாகாத பூனை என்று திட்டிக்கொண்டே புதைத்தாள்.

"எங்கிட்ட இன்னாத்துக்கு மறைச்சாராம்?"

"சொல்லட்டா? கோச்சிக்க மாட்டியே?"

"சொல்லு."

"'எங்கூட்ல தெரிஞ்சா அரை மூட்ட ஆக்கிடும்'னாரு."

பொய் சொன்னார் என்று சொல்வதற்கில்லை. அந்த நிமிஷத்தில்கூட தனக்கோடியின் நாக்கின் நுனியில் அரை மூட்டை என்ற வார்த்தைதான் நின்றுகொண்டிருந்தது.

"புரட்டாசில நீயே வந்து சொல்லிருக்கலாம்ல?"

"எழவு வூட்டுக்கு வந்து, மொள புடுங்கணும் மூட்ட குடுன்னு கேக்க சொல்றியா? கூப்டுவன்னு பாத்தேன். அப்பால..." முத்தம்மாள் மெத்தையைக் காட்டினாள். "இங்க ராலு நல்லா நிக்குது. பொய் சொல்ல மாட்டேன்."

"அமாவாசைக்குள்ள புடுங்கணும்."

"புடுங்கலாம்."

"முக்கா மூட்ட."

முத்தம்மாள் பறியை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு முங்கினாள். குமிழிகள் மட்டும் வந்தன. சந்தையில் எத்தனையோ பேரை நாலடி நடந்து வழிக்குக் கொண்டுவந்த தனக்கோடிக்கு, தண்ணீருக்குள் போய்விட்டவளை என்ன செய்வதென்று தெரியவில்லை. தலை எழும்பும்வரை காத்திருந்தாள். எழும்பியதும், "சரி, ஒரு மூட்ட" என்றாள்.

மூக்கு, "ம்ம்" என்றது. கை மட்டும் வெளியே வந்து கரையைக் காட்டி, இரண்டு விரலால் நடந்து காட்டியது.

"கரை மேல நடந்து ஏரிக்கு போணுமா? போயேன். வளைய மட்டும் தோண்டாத."

"ம்ம்ம்" என்றது மூக்கு, நீளமாக. அது நண்டின் பொறுப்பு என்று அர்த்தம்.

புதன்கிழமை காலை வேலை தொடங்கியது. வாடைக்காற்று முதுகில் ஊசி குத்தியது. முதலில் இரண்டு பேருமாகக் குப்பையின் வாலைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினார்கள். முள் இருவரையும் கிழித்தது. மெத்தை இளகியதும் முத்தம்மாள் சட்டம் போட்டாள்.

"நடுவுலேர்ந்து ஆரம்பிக்கணும். உன் கரைப்பக்கத்த தொடவே கூடாது, அது கடைசில. இந்தப்பக்கம் மொதல்ல எட்த்தா தண்ணி மொத்தமா இங்க பாயும், உன் கரை பூடும். கவுறு ஒரு தபா ஆட்னா நில்லு. ரெண்டு தபா ஆட்னா வலி."

"நானும் கழனில வேல பாத்தவதான்."

"அது தரை."

முதல் முளைக்குக் கயிறு ஒரு தடவை ஆடியது. தனக்கோடி அவசரப்பட்டு வலித்துவிட்டாள். முத்தம்மாள் இருமிக்கொண்டு மேலே வந்தாள். விரல் முடிச்சில் சிக்கித் தோல் வழன்றிருந்தது.

"ஒரு தபாக்கு நில்லுன்னு சொன்னேன்ல? நைனாக்கு ஒரு வாட்டிதான் சொன்னேன்."

"அவருக்கு ஒரு வாட்டி சொன்னா போதும். எனக்குத்தான் அவரு ஒரு வாட்டியும் சொல்லல" என்றாள் தனக்கோடி.

முத்தம்மாள் விரலைச் சப்பிக்கொண்டே அவளைப் பார்த்தாள். பிறகு முந்தானையில் ஒரு துண்டு கிழித்து விரலைச் சுற்றிக்கொண்டு மறுபடி முங்கினாள்.

கயிறு ஆடியது. நின்றாள். இன்னும் நின்றாள். கீழே கண்ணுக்குத் தெரியாத ஒருத்தி மூச்சை அடக்கிக்கொண்டு எதையோ அசைப்பது கயிற்றின் வழியே உள்ளங்கைக்கு வந்தது. இரண்டு தடவை ஆடியது. குதிகாலை ஊன்றி வலித்தாள். சேறு உறிஞ்சுகிற சத்தத்தோடு கறுத்த பனஞ்சட்டம் மேலே வந்தது. தலையில் சிப்பி ஒட்டியிருந்தது. தருமலிங்கத்தின் சம்மட்டி பட்டு நார் விரிந்திருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கரையில் கிடத்தினாள். "ஒண்ணு" என்றாள்.

மத்தியானம் கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும். முத்தம்மாள் ஈரத்தோடு உட்கார்ந்து, கருவாட்டை மோந்து, "இத்த எவ்ளோக்கு வாங்கன?" என்றாள்.

"நூறு சொன்னான். அறுவதுக்கு கேட்டு வாங்னேன்."

"முப்பது பெறாது. முள்ளு சிவந்துகீது பாரு, பழசு."

இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று தனக்கோடி தீர்மானித்துக்கொண்டாள்.

அன்று ஏழு. வியாழன் மத்தியானத்துக்குள் இன்னும் ஆறு. ஆறாவது முளை வந்ததும், மிச்சமிருந்த குப்பை ஒருமுறை சுற்றி, வழி கேட்பதுபோல நின்று, பிறகு மொத்தமாக ஏரிப்பக்கம் நகர்ந்தது. ஒன்பது செருப்பும் ஊர்வலம் போனதைத் தடுக்க இருவருக்கும் கையில் தெம்பு இல்லை. தண்ணீர் ஓடையின் நடுவுக்குப் போய்விட்டது. கரையோரம் குளத்துத் தண்ணீர்போல அசையாமல் நின்றது.

"பதிமூணு. முட்ஞ்சிது" என்றாள் தனக்கோடி.

"பதினாலு."

"கொட்டாய்ல இருந்தது பதிமூணு. நான் எண்ணுனது."

"ஓடைல அடிச்சது பதினாலு. நான் தடவுனது. வேணும்னா எறங்கி பாரு."

தனக்கோடி புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கினாள். ஐம்பத்தாறு வயதில் முதல்தடவையாக அந்த ஓடைக்குள். முத்தம்மாள் அவள் கையைப் பிடித்துக் கரையின் அடியில் வைத்தாள். முளை இருந்தது. மற்றவை போல ஆடவில்லை; வழவழவென்று, எலும்புபோல உறுதியாக, கரையின் பாதத்தோடு ஒட்டி நின்றது.

"இத்த நைனா எடுக்கவே மாட்டாரு. மொத மொதல்ல அடிச்ச மொள இது. அட்த்த மாசிக்கு எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு இத்த தொட்டுத்தான் பாப்பாரு. உன் கரைக்கும் இதான் முட்டு."

தனக்கோடி கையை உடனே எடுக்கவில்லை. தண்ணீர் மேலே வெயிலில் சூடாகவும் அடியில் சில்லென்றும் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஏரி ஏறியது. உப்புத் தண்ணீர் வளைவுவரை வந்தது. தனக்கோடி கரையில் குந்தி, விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள், கரித்தது. கழனி மடையில் நனைத்து வைத்துப் பார்த்தாள், கரிக்கவில்லை. சாயங்காலம் தண்ணீர் வந்த வழியே இறங்கிப்போனது. ஆறு மணிக்குள் இதே சோதனையைப் பதினோரு தடவை செய்ததில் நாக்கு மரத்துப்போய், வீட்டில் வைத்த குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டாள்.

சனிக்கிழமை காலையில் குச்சிகள் நாலும் நின்றன. சரவணன் போன் செய்து, "இன்னாம்மா, தண்ணி வந்துச்சா?" என்று கேட்டான். "வந்துச்சு. உன்ன விசாரிச்சிட்டு பூட்ச்சி" என்றாள்.

பிறகு தருமலிங்கத்தின் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பழைய பக்கங்களில் 'எலி' என்று எழுதியிருந்ததை அடிக்க நினைத்து, அடிக்காமல் விட்டாள், அவர் கையெழுத்து. ஒவ்வொரு எலிக்கும் பக்கத்தில் சின்னதாக 'முத்தம்மாள்' என்று எழுதினாள். அது முடிந்ததும் புதுப் பக்கம் திருப்பி, இந்த வருடக் கணக்கைப் போட்டாள்.

நட்ட குச்சி ஏழு. போனது மூன்று, நின்றது நாலு.

முத்தம்மாளுக்கு, தை அறுப்பில், மூட்டை ஒன்று.

அடித்த முளை பதினாலு. எடுத்தது பதிமூன்று. ஓடையில் இருப்பு ஒன்று.

மேல்கழனி ராஜேந்திரனிடம் சொல்ல வேண்டியது, வார்த்தை ஒன்று. இதை எழுதிவிட்டு, பால் சொசைட்டிக்குப் போகிற பாதையை ஒருதரம் எட்டிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. அந்த வரிக்கு எதிரே 'நிலுவை' என்று போட்டு நோட்டை மூடினாள்.